எவர்சில்வர் குடம் துருப்பிடிப்பதில்லை. எவர்சில்வர் கத்தி மட்டும் ஏன்?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை என்று ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊரில் விசாரித்தாலும் கைக்கத்தியைப் பற்றி இரண்டு புகார்கள் வரும். "துருவே பிடிக்காதுன்னு சொல்லித்தான் வித்தாங்க. மூணு மாசத்துல புள்ளி புள்ளியாப் பூத்துருச்சு" என்பது ஒன்று. "சாணை பிடிச்சு ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள மொட்டை" என்பது இன்னொன்று. வாங்கியவர் கடைக்காரரைக் குறை சொல்கிறார். கடைக்காரர், வைத்திருக்கும் லட்சணத்தைப் பாருங்கள் என்கிறார். இரண்டு புகாருக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். அது கத்தியைவிட அதிகமாகக் காற்றில் இருக்கிறது.

கைக்கத்தி என்று இங்கே சொல்வது, வேலைக்குப் போகிறவர் எப்போதும் கூட வைத்திருக்கும் சிறு கத்தியை. மடக்குக் கத்தியாக இருக்கலாம், உறையில் செருகிய நான்கு விரல் நீளக் கத்தியாக இருக்கலாம், நாட்டுப்படகின் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், சணல் சுற்றிச் செருகி வைத்த, இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடாகவும் இருக்கலாம். கயிறு அறுக்க, நண்டு வலையில் சிக்கு எடுக்க, கணவாய் கீற, சாக்குத் தைத்த நூலை வெட்ட என்று நாளுக்கு இருபது தடவை கைக்கு வரும் பொருள் அது.

இந்தக் கரையில் கத்தி மழுங்குவதில் பெரும்பங்கு வெட்டும்போது நடப்பதில்லை; வெட்டி முடித்து, சும்மா கிடக்கும்போது நடக்கிறது. தீட்டத் தெரிந்தவர்கள் இங்கே ஏராளம். தீட்டியதைக் காப்பாற்றும் பழக்கம்தான் குறைவு. ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

குடமும் கத்தியும் ஒரே உலோகம் இல்லை

வெறும் இரும்பு மெத்தென்றது. அதில் நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை கார்பன் சேர்ந்தால், பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று அமிழ்த்தும்போது அது கடினமாகிறது. கொல்லர் இதைத் தோய்ச்சல் என்பார். அமிழ்த்தியதை அப்படியே விட்டால் கண்ணாடி போல ஒடியும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துவார். கத்தியின் உயிர் இந்தப் பதத்தில் இருக்கிறது. பின்னால் சாணைச் சக்கரம் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எவர்சில்வர். சமையலறைக் குடத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கார்பன் மிக மிகக் குறைவு. குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை மேலே விரிக்கிறது. படலம் கீறினாலும் தானாக மூடிக்கொள்ளும். குடம் கருக்காமல் இருப்பதன் காரணம் அதுதான். ஆனால் அந்த உலோகத்துக்குத் தோய்ச்சல் ஏறாது. அதில் கத்தி செய்தால் இரண்டு தேங்காய்க்கீற்றுக்குள் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மடங்கிவிடும்.

எனவே கத்தி செய்கிறவர்கள் வேறு ரக எவர்சில்வரை எடுக்கிறார்கள். குரோமியம் 12 முதல் 14 சதவீதம், நிக்கல் பெரும்பாலும் கிடையாது, கடினத்துக்காகக் கார்பன் சேர்த்திருக்கும். சிக்கல் இங்கே தொடங்குகிறது. கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு சிறு சிறு கடினத் துகள்களாகிவிடும். துகளுக்குள் போன குரோமியம் படலத்துக்கு உதவாது. படலம் ஒழுங்காக உருவாக எஃகில் குறைந்தது 10.5 சதவீதக் குரோமியம் வேண்டும். கத்தி எஃகு அந்த எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கிறது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் அது போதும், இந்தக் கரையில் போதாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். காந்தத்தைக் குடத்தில் வைத்தால் பெரும்பாலும் ஒட்டாது, கத்தியில் சடக்கென்று ஒட்டும். பெயர் ஒன்று, பொருள் வேறு.

இந்தக் கரையில் புழங்கும் கைக்கத்திகளை உலோகத்தை வைத்து இப்படிப் பிரிக்கலாம்:

1. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தவை. கொல்லர் பட்டறையில், பல இடங்களில் சீமைக்கருவேலங்கரி உலையில், செய்பவை. கார்பன் 0.6 சதவீதத்தை ஒட்டியது. நன்றாகத் தீட்டு ஏறும், அடி தாங்கும், ஒரே இரவில் துருவும் பிடிக்கும்.

2. ஆக்ஸா பிளேடில் தேய்த்தவை. கடினம் அதிகம், கூர் நிற்கும், ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் ஒடியும். படகில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

3. கடையில் வாங்கும் மலிவு எவர்சில்வர் மடக்குக் கத்திகள். கார்பன் 0.3 சதவீத அளவு. தீட்டுவது சுலபம், கூர் சீக்கிரம் போகும். துருவுக்கு ஓரளவு ஈடுகொடுக்கும்.

4. ஆன்லைனில் வரும் உயர்ரக எஃகுகள். டி2 என்று பொறித்த கத்தி இப்போது பல பேரிடம் இருக்கிறது. அதில் 12 சதவீதக் குரோமியம் இருந்தாலும் 1.5 சதவீதக் கார்பன் அதில் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். கூர் நீண்ட நாள் நிற்கும். கடற்கரையில் அது துருப்பிடிக்கும் கத்திதான். கார்பனுக்குப் பதில் பெருமளவு நைட்ரஜனைக் கொண்டு கடினப்படுத்திய எஃகுகளும் உண்டு. நைட்ரஜன் குரோமியத்தைக் கார்பன் அளவுக்குச் சிறைப்பிடிக்காது, அதனால் உப்புநீரில் உண்மையாகவே தாக்குப்பிடிப்பவை அவைதான். விலை பல மடங்கு.

உப்புக் காற்றின் கணக்கு

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் நூற்றாண்டுக்கும் மேலாக உப்புக் காற்றோடு மல்லுக்கட்டியது. விடாமல் பெயின்ட் அடித்தும் பராமரித்தும் வந்தார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் என்ற சிறப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இந்தக் காற்றுதான். ஆயிரக்கணக்கான டன் எஃகுக்கு இவ்வளவு பாடு என்றால், முடியைவிட மெல்லிய கத்தி வாய்க்கு என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரிப்பைத் தரம் பிரிக்கும் சர்வதேச அளவுகோலில், கடலோரங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் "மிக அதிகம்" என்ற சி5 வகையில், சாதாரண எஃகு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரை கரையும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 80 மைக்ரானை 365 நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்குக் கால் மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு, 200 என்றால் அரை மைக்ரானுக்கு மேல். தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன் இருக்கும். நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய் நுனியோ ஒரு மைக்ரானுக்கும் கீழே. அரிப்பு வாயை இரண்டு பக்கமும் தின்கிறது. ஆக, காப்பில்லாத கார்பன் எஃகுக் கத்தி ஓரிரு நாள் சும்மா கிடந்தாலே தீட்டிய நுனி காணாமல் போகும். கத்தியின் உடம்பில் துரு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வாய் போய்விடுகிறது. "ஒண்ணுமே வெட்டல, ஆனா மொட்டையாயிருச்சு" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை.

எவர்சில்வர் கத்தியில் நடப்பது வேறு விதம். அங்கே ஒட்டுமொத்தமாகக் கரையாது. உப்பிலுள்ள குளோரைடு, குரோமியப் படலத்தின் பலவீனமான இடங்களில் ஊசி குத்தியது போல ஓட்டை போடும். ஓட்டைக்குள் தேங்கும் நீர் அமிலமாகி, உள்ளே போகப் போக வேகமாகத் தோண்டும். மேலே கடுகளவு பழுப்புப் புள்ளி, கீழே கிணறு. அந்தக் குழி வாயில் விழுந்தால் அங்கே சில்லு பெயர்ந்து ஒரு பல் விழும்.

அடுத்து, பலரும் தவறாக நினைக்கும் ஒன்று: "துடைச்சுத்தானே வச்சேன்." துடைத்தால் தண்ணீர் போகும், உப்பு போகாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. துணியால் ஒற்றியதும் மீதி ஈரம் காய்ந்து உப்பு கத்தி மேலேயே தங்கும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு ஏறக்குறைய 33 சதவீத ஈரப்பதத்திலேயே அதைச் செய்யும். சமையலறையில் கல்லுப்புச் சாடி நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். காற்று 33 சதவீதத்துக்குக் கீழே வறளும் நாள் இந்தக் கரையில் அபூர்வம். பகலில் காய்ந்தது போலத் தெரியும் கத்தி ராத்திரி முழுக்க உப்புநீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.

மழுங்கல் ஒரு வகை இல்லை

வாய் கெடுவது நான்கு விதம். எந்த விதம் என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும்.

1. மடங்கல். மெத்தென்ற எஃகில் வாய் ஒரு பக்கமாகச் சாயும். உலோகம் போகவில்லை, திசைதான் மாறியிருக்கிறது. தோல்பட்டையில் நாலு இழுப்பு இழுத்தால் நிமிரும். இதற்குக் கல் தேவையில்லை.

2. தேய்மானம். இந்தக் கரையில் இதன் பெரிய காரணம் மணல். மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். அது எந்தக் கத்தி எஃகையும்விடக் கடினம். மணல் ஏறிய கயிற்றை அறுப்பது உப்புத்தாளில் கத்தியை இழுப்பதற்குச் சமம். அறுக்கும் முன் கயிற்றை ஒரு முறை அலசி உதறினால் வாயின் ஆயுள் கண்கூடாகக் கூடும்.

3. பல் விழுதல். எலும்பில் முறுக்குவது, டப்பா நெம்புவது, நண்டு ஓட்டில் ஓங்கிப் போடுவது.

4. அரிப்பு. மேலே சொன்னது.

எந்த அளவு மழுங்கியிருக்கிறது என்று பார்க்க விரல் வேண்டாம். வெயிலிலோ டார்ச் வெளிச்சத்திலோ வாயை நேராகக் கண்ணுக்கு எதிரே மேல்நோக்கிப் பிடியுங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப அங்கே பரப்பே இல்லை. எங்கே வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னுகிறதோ அங்கே மழுங்கியிருக்கிறது.

கோணம்: கால் பங்கா, மூன்றில் ஒரு பங்கா?

தீட்டுவதில் தோற்பவர்கள் பெரும்பாலும் கோணத்தில்தான் தோற்கிறார்கள். கத்தியைக் கல்லில் படுக்க வைத்து முதுகை எவ்வளவு தூக்குகிறோம் என்பதே கோணம். டிகிரி அளக்கக் கருவி வேண்டாம். அலகின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். முதுகு அந்த அகலத்தில் கால் பங்கு உயரம் தூக்கி நின்றால் சுமார் 15 டிகிரி. மூன்றில் ஒரு பங்கு என்றால் சுமார் 20. பாதி என்றால் 30.

இரண்டு சென்டிமீட்டர் அகலக் கத்திக்கு 15 டிகிரி என்பது முதுகு 5 மில்லிமீட்டர் தூக்கல்தான். சில நாணயங்களை அடுக்கி, அந்த உயரத்துக்கு முதுகை வைத்துப் பார்த்துக் கைக்குப் பழக்கிக்கொள்ளலாம்.

மீன் கீறவும் தோல் உரிக்கவும் மட்டுமே வைத்திருக்கும் மெல்லிய கத்திக்குக் கால் பங்கு. கயிறு, சாக்கு, மீன் எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி என்றால் மூன்றில் ஒரு பங்கு. விறகு, மட்டை வெட்டும் அரிவாளுக்குப் பாதியை நெருங்கலாம். மலிவு எவர்சில்வரில் கால் பங்குக்கும் கீழே மெலிய வைத்தால் முதல் முடிச்சிலேயே மடங்கும். என் தீர்ப்பு: சந்தேகமிருந்தால் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் தீட்டுவது, எந்தக் கோணம் என்பதைவிட முக்கியம்.

கல்

தீட்டும் பொருள் எஃகைவிடக் கடினமாக இருக்க வேண்டும். கடற்கரைக் கிராமத்தில் கைக்கு முதலில் கிடைப்பது பவளக்கல். 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயச் சுவரில் பார்க்கலாம், அந்தச் சொரசொரப்பான வெண்கல்லை. அதில் தேய்த்தால் கத்தி பளபளக்கும், கூராகாது. பவளக்கல் சுண்ணாம்பு வகை. கனிமங்களின் 1 முதல் 10 வரையான கடின வரிசையில் அது 3 முதல் 4 அளவில் நிற்க, கத்தி எஃகு 5.5க்கு மேல் நிற்கிறது. கல்தான் தேயும். அம்மியும் கருங்கல் படியும் அப்படி இல்லை. கருங்கல்லில் 7 கடினமுள்ள குவார்ட்ஸ் மணிகள் இருக்கின்றன, அதனால் தீட்டும். ஆனால் மணிகள் ஒரே அளவில் இல்லாததால் வாய் கரடுமுரடாக வரும். அரிவாளுக்குச் சரி, கைக்கத்திக்கு முரடு.

ஹார்டுவேர் கடையில் கேட்க வேண்டியது இரண்டு பக்கக் கார்போரண்டம் கல். சிலிக்கான் கார்பைடு என்ற செயற்கைப் பொருள் அது, கடினம் 9க்கு மேல். ஒரு பக்கம் முரடு, மறுபக்கம் நயம். கல்லில் குறித்திருக்கும் எண் கூடக் கூட நயம் கூடும்: 120 முதல் 220 வரை பல் எடுக்க, 400 முதல் 600 வரை அன்றாடத் தீட்டு, 1000க்கு மேல் மெருகு. எல்லோரும் மெருகைத் தேடி ஓடத் தேவையில்லை. நைலான் கயிறு அறுப்பவருக்கு 400இல் நிறுத்திய வாய்தான் நல்லது. அதில் மிஞ்சும் நுண்ணிய பற்கள் நாரைக் கவ்வும், மெருகேற்றிய வாய் கயிற்றில் வழுக்கும். கணவாயைத் தோலுரித்துக் கீறுகிறவருக்கு 1000 வேண்டும்.

கல் வாங்க இப்போது வசதியில்லை என்றால், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு படாத சொரசொர வளையம் இருக்கும். தினசரித் தீட்டுக்கு அது போதும்.

சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

சைக்கிள் பெடல் மிதித்துச் சக்கரம் சுற்றிச் சாணை பிடிப்பவர்கள் இன்னும் தெருவில் வருகிறார்கள். அரிவாள்மனைக்கும் அரிவாளுக்கும் அவர்கள் வேலை நன்றாகவே இருக்கும். மெல்லிய கைக்கத்தியில் ஆபத்து சூடு. உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும்போது, வாயின் நுனி நொடிப்பொழுதில் பல நூறு டிகிரிக்குப் போகும். சாதாரணக் கார்பன் எஃகு சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறம் காட்டும், 300ஐ ஒட்டி நீலமாகும். நீலம் கண்டால் கொல்லர் வைத்த பதம் அந்த இடத்தில் போய்விட்டது என்று அர்த்தம். தொட்டால் கூராகத்தான் இருக்கும், இரண்டே நாளில் மடங்கும். "சாணை பிடிச்சு ஒரு வாரம் ஆகல" என்ற புகாரின் பாதிக் கதை இது.

சாணைக்காரரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "அண்ணே, ஒரு இழுப்புக்கு ஒரு முக்குத் தண்ணியில முக்கி எடுங்க." விரலால் தொட முடியாத சூடு ஏறவே கூடாது. நீலம் ஏற்கெனவே ஏறியிருந்தால், அந்தப் பகுதி முழுக்கக் கல்லில் மெதுவாகத் தேய்ந்து போகும்வரை கத்தி பழைய நிலைக்கு வராது.

தீட்டும் முறை

முதல் தடவை கால் மணி நேரம் ஆகும். பிறகு வாரம் இரண்டு நிமிடம்.

1. கத்தியை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்போடும் மணலோடும் கல்லில் வைத்தால் இரண்டும் கெடும்.

2. கல்லை ஈரத்துணி மேல் வையுங்கள், நகரக் கூடாது. கல் மேல் தண்ணீர் அல்லது எண்ணெய், ஏதாவது ஒன்று. எண்ணெய் குடித்த கல்லில் பிறகு தண்ணீர் ஏறாது என்பதால் முதலில் எதைத் தொட்டீர்களோ அதையே தொடருங்கள். கடல்நீர் வேண்டாம்.

3. மார்க்கர் பேனாவால் வாயோரம் கோடு பூசுங்கள். இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை வாய் நுனியில் போயிருந்தால் கோணம் சரி. மேலே மட்டும் போயிருந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்குங்கள். பழகும்வரை இதைப் போல உதவும் வேலை வேறில்லை.

4. ஒரு பக்கத்தை மட்டும், அடிப்பிடியிலிருந்து முனைவரை, ஒரே சீராகத் தேயுங்கள். எத்தனை இழுப்பு என்று எண்ணாதீர்கள். மறுபக்கம் பிசிறு எழும்வரை தேய்க்க வேண்டும். வாய் தேய்ந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும் மெல்லிய உலோக விளிம்பே பிசிறு. முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகக் கட்டைவிரல் சதையை வெளியே தள்ளித் தடவினால் தட்டுப்படும். வாய் நீளத்துக்கு விரலை ஓட்டவே கூடாது.

5. பிசிறு வாய் முழுக்க எழுந்த பிறகு மட்டும் மறுபக்கம். அங்கேயும் அதே வேலை. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் பொறுமை இழக்கிறார்கள். முனையிலும் அடியிலும் பிசிறு எழாமலே திருப்பிவிடுகிறார்கள். கத்தி நடுவில் வெட்டும், நுனியில் வெட்டாது.

6. நயமான பக்கத்துக்கு மாறுங்கள். இப்போது ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். கடைசிச் சில இழுப்பில் கத்தியின் சொந்த எடை மட்டும் போதும்.

7. பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், வாய் பின்னால் வரும்படி, பக்கத்துக்குப் பத்து இழுப்பு. மிச்சப் பிசிறு உதிரும். பிசிறு உதிராத கத்தி முதல் வெட்டில் அசத்தும், மூன்றாவது வெட்டில் மொட்டையாகும்.

8. செய்தித்தாளைத் தொங்கவிட்டு விளிம்பிலிருந்து கீறுங்கள். சத்தமில்லாமல் இறங்கினால் முடிந்தது. எங்கே கிழிகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்பக் கல்லுக்குப் போங்கள்.

கல் நடுவில் குழிந்துவிட்டால் கோணம் நிற்காது. சிமென்ட் தரையில் மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லைக் கவிழ்த்து வட்டமாகத் தேய்த்தால் சமமாகும்.

பனையேறியின் பலகை

தீட்டுவதையும் காப்பதையும் ஒரே வேலையாகச் செய்பவர்களை இந்த மாவட்டத்திலேயே பார்க்கலாம். சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டில், ஏறுகிறவர் இடுப்பில் அரிவாள் பெட்டி தொங்கும். மட்டை கழிக்க ஓர் அரிவாள், பாளை சீவ இன்னொன்று. பாளை அரிவாள் மற்ற எதையும் தொடாது. பாளையின் நுனியைக் காகிதக் கனத்துக்குச் சீவ வேண்டும். மழுங்கிய வாய் நாரை நசுக்கினால் பதநீர் சுரப்பது நிற்கும். கூர் குறைந்தால் அன்றைக்கே வருமானம் குறையும். அதனால் தீட்டு அங்கே அன்றாடக் கடமை.

அவர் தீட்டுவது கல்லில் இல்லை, மரப்பலகையில். வெங்கச்சங்கல்லைப் பொடித்துச் சலித்து, மாவு போன்ற வெள்ளைப் பொடியைப் பலகை மேல் தூவுவார். அலகைப் படுக்க வைத்து, முழங்கை அசைய, நீளமாக இழுப்பார். மரம் மெத்தென்றது, பொடி குவார்ட்ஸ். பொடியின் மணிகள் மரத்தில் பாதி புதைந்து, மிச்சப் பாதி எஃகைச் சீவும். பெரிய மணி ஆழமாகப் புதையும், சின்ன மணி மேலே நிற்கும், ஆக எல்லாம் ஒரே உயரம். முரட்டுப் பொடியிலும் நயமான வாய் வருவதன் ரகசியம் அது. தோல்பட்டையில் பாலிஷ் பசை பூசி இழுப்பதாக இன்று வீடியோக்களில் காட்டும் முறைக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே.

அந்த அரிவாளை உற்றுப் பார்த்தால் உடம்பு கருநீலம், வாயோரம் மட்டும் வெள்ளிக்கோடு. கறுப்பு அழுக்கில்லை. இலை, பட்டைச் சாறுகளின் துவர்ப்பும் புளிப்பும் இரும்போடு சேர்ந்து உண்டாக்கிய படலம். சிவப்புத் துரு பொருபொருவென்று ஈரத்தைப் பிடித்து வைக்கும். இந்தக் கறுப்பு இறுக்கமாக ஒட்டி, துருவை மட்டுப்படுத்தும். அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது கத்திக்குச் செய்யும் கெடுதல். லாரிப் பட்டைக் கத்தி வைத்திருப்பவர்கள் பால் சேர்க்காத கெட்டியான கட்டந்தேயிலையில் சில மணி நேரம் அலகை ஊறவைத்து இதே கறுப்பை வரவழைக்கலாம்.

அன்றாடக் காப்பு

முதலும் முக்கியமுமான வேலை, நல்ல தண்ணீரில் கழுவுவது. ராமேஸ்வரம் தீவிலும் இந்தக் கரையிலும் நல்ல தண்ணீர் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் பொருள் என்பது தெரிந்ததே. ஆனால் கத்திக்குத் தேவை அரைச் செம்பு. உவர்ப்பான கிணற்றுத் தண்ணீரில் சோப்புப் போட்டு முதல் கழுவல், கடைசியாக அரைச் செம்பு நல்ல தண்ணீர். பிறகு துடைத்து, வெயிலில் ஐந்து நிமிடம்.

காய்ந்ததும் எண்ணெய். உணவு தொடும் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல தேர்வு. நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் நாள்பட்டால் பிசுபிசுத்துக் கெட்டியாகும், தேங்காய் எண்ணெய் அவ்வளவு எளிதில் அப்படி ஆகாது. ஒரு சொட்டைத் துணியில் தொட்டு, தெரியாத அளவுக்குத் தடவினால் போதும். படகில் கிடக்கும் பழைய என்ஜின் ஆயிலை மீன் வெட்டும் கத்தியில் பூசுவதை நிறுத்த வேண்டும், அதில் உடம்புக்கு ஆகாதவை இருக்கின்றன.

மடக்குக் கத்தியின் எதிரி அதன் மூட்டு. உப்பு அங்கே போய் உட்கார்ந்தால் காற்றும் படாது, துணியும் எட்டாது. உள்தகடு பித்தளையாக இருந்தால் இன்னும் மோசம்: உப்புநீரில் பித்தளையும் எஃகும் தொட்டுக்கொண்டால் மின்கலம் போலாகி எஃகு விரைந்து கரையும். வாரம் ஒரு தடவை விரித்து வைத்து, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மூட்டைத் தேயுங்கள். நன்றாக உலர்ந்த பின் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய். விரித்ததும் பூட்டு இறுகி நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆடினால் திருகை முடுக்கும்வரை அந்தக் கத்தியை வேலைக்கு எடுக்காதீர்கள், விரல் மேல் மடங்கும்.

தோல் உறையைக் கடற்கரையில் சுமந்து போகும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள், குடியிருக்கும் இடமாக வேண்டாம். தோல் உப்பை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கத்தியை வெளியே எடுத்துவிடுங்கள்.

துரு ஏற்கெனவே பூத்திருந்தால், புளியைக் குழைத்துப் பூசிப் பத்து நிமிடம் விட்டுத் தேய்க்கலாம். புளிப்பு துருவைக் கரைக்கும், விட்டால் எஃகையும் கரைக்கும். எனவே உடனே சோடா உப்புத் தண்ணீரில் அலசி, கழுவி, எண்ணெய். குழி விழுந்த இடம் புளிக்கு அடங்காது. வாயில் குழி என்றால் முரட்டுக் கல்லில் அதன் ஆழம் வரை தேய்த்து இறக்குவது ஒன்றே வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த பொருட்களை ஆயுதம் என்ற வரையறையில் சேர்க்கவில்லை. விதிகளின் பட்டியலில் வரும் கூர் ஆயுதங்களுக்கு 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலத்துக்கு மேல் என்று அளவு சொல்லப்பட்டிருக்கிறது. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கான கத்திகளுக்கு அங்கேயும் விலக்கு உண்டு. நான்கு விரல் நீளக் கைக்கத்தி இந்த அளவுக்கு மிகக் கீழே. அதற்காக எங்கும் எடுத்துப் போகலாம் என்று அர்த்தமில்லை. மதுரையில் விமானம் ஏறுகிறவர் கைப்பையில் அது இருக்கக் கூடாது. வேலைக்கான கத்தி வேலைக்குப் போகும்போது கூட வரட்டும், திருவிழாக் கூட்டத்துக்கு வேண்டாம்.

தடைக்காலத்தில் கிடக்கும் கத்தி

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலையை இறக்கிச் சீர் செய்வார்கள், என்ஜினைப் பிரிப்பார்கள், பலகைக்குப் பெயின்ட் அடிப்பார்கள். கத்தி மட்டும் கடைசி நாள் செருகிய இடத்திலேயே, கடைசி நாளின் உப்போடு கிடக்கும். மேலே போட்ட கணக்கை 61ஆல் பெருக்கிப் பாருங்கள்: 13 முதல் 33 மைக்ரான் வரை.

படகுக் கத்தியின் அன்றாட வேலை மீனும் கயிறும். ஆனால் அது அங்கே இருப்பதன் காரணம் வேறு ஒன்று. வலை இறங்கும்போது கயிறு ஒருவரின் கணுக்காலில் சுற்றினால், படகு முன்னே போக வலை பின்னே இழுக்கும். பக்கத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது ஓரிரு நொடி. ஒரே இழுப்பில் அறுக்கும் கத்திக்கும் நாலு தடவை அறுத்தும் வழுக்கும் கத்திக்கும் உள்ள வித்தியாசம் அந்த நொடிகளில் தெரியும். ஆகவே படகைக் கரையேற்றும் அன்றே கத்தியை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கழுவி, உலர்த்தி, எண்ணெயைச் சற்றுத் தாராளமாகப் பூசி, பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி வையுங்கள். ஜூன் 14 அன்று பிரித்து, 400 கல்லில் இரண்டு நிமிடம், தோலில் பத்து இழுப்பு. பிறகு படகில் கிடக்கும் அதே நைலான் கயிற்றில் ஒரு துண்டை எடுத்து, இறுக்கிப் பிடிக்காமல் தொங்கவிட்டு, ஒரே இழுப்பில் அறுபடுகிறதா என்று பாருங்கள். அறுபட்டால் அதை அணியத்தில், குனியாமல் கை எட்டும் இடத்தில் செருகுங்கள்.